யாருக்குத் தெரியாத ஊர்?

எவரும் வராத இடத்தில் தனியாக நிற்கும்போது வருகிற மகிழ்ச்சி எதனால் ஆனது என்ற கேள்வி என்னை விட்டுப் போக மறுக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில் மேலமலை ஏறி விஜயாலய சோழீச்சரத்தைக் கண்டவர்களுக்கு அந்த மகிழ்ச்சி பழக்கமானதாகவே இருக்கும். வெயில் குடித்த பாறை உள்ளங்காலைச் சுடுகிறது. ஏறுகிற வழியில் ஒரு சுனை. அதன் நீருக்கடியில் குடைந்த சிறு அறையில் ஒரு லிங்கம் இருக்கிறது என்கிறார்கள். பச்சை நீருக்கு மேல் நிற்கிற கண்ணுக்கு எதுவும் தட்டுப்படுவதில்லை. பிறகு சரிவு தட்டையாகி, மேற்குப் பார்த்த கற்றளியும், அதைச் சுற்றிக் குட்டிச் சன்னிதிகளும், எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைகளும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகின்றன. விமானத்தின் கீழ்நிலைகள் சதுரமாகவும் சிகரம் வட்டமாகவும் இருக்கின்றன. கருவறையும் வட்டம்தான், சதுரச் சுவருக்குள் அப்படியொரு வட்டம் இருப்பதை வெளியில் நின்று ஊகிக்க வழியில்லை. சமணர் குடகு என்று அழைக்கப்படும் குகையில் பன்னிரண்டு திருமால்கள் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் சுவரோடு சுவராக நிற்கிறார்கள். கீழே எங்கோ கல் உடைபடும் சத்தம், அதற்கு மேல் காற்று. தஞ்சைப் பெரிய கோயிலின் நெரிசலில் கிடைக்காதது இங்கே கிடைத்துவிட்டதென்று மனம் நிறைகிறது. என்ன கிடைத்தது? கல்லின் அழகா, ஆளில்லாமையா? ஆளில்லாமைதான் என்றால், ஓர் ஊர் ஒதுக்கப்பட்டிருப்பதில் பிறக்கிற மகிழ்ச்சி அது. அதைச் சுவைக்கிறவர் அந்த ஒதுக்கல் இப்படியே நீடிக்கட்டும் என்று உள்ளூர வேண்டிக்கொள்கிறவராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது பாதிதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தக் கோயிலின் பெயரையே எடுத்துக்கொள்வோம். விஜயாலயன் தஞ்சையைப் பிடித்த சோழன். அதனால் கோயில் சோழர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் வாயிற்காவலர் சிற்பத்தின் அடியில் உள்ள கல்வெட்டு வேறு ஆட்களைச் சொல்கிறது. சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி மழையால் இடிந்தது, மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதிரையன் அதைப் புதுப்பித்தான் என்று இருக்கிறது. இவர்கள் முத்தரையர்கள். பல்லவருக்கும் பாண்டியருக்கும் சோழருக்கும் நடுவில், இந்தச் செம்மண் மேட்டிலும் பாறைக் காட்டிலும், குளம் வெட்டியும் கோயில் எடுத்தும் வாழ்ந்த சிறு அரசர்கள். கொடும்பாளூரின் இருக்குவேளிரும் அப்படியே. பூதி விக்கிரமகேசரி தனக்கும் தன் தேவியர் இருவருக்குமாக எடுத்த மூவர் கோயிலில் இரண்டு தளிகள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பள்ளிப் பாடத்தில் இவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும், அதுவும் யாரோ ஒரு பேரரசனின் பக்கம் நின்று போரிட்டவர்கள் என்று. அப்படியானால் புதுக்கோட்டையைப் பயணிகள் தவறவிடுவது சாலையோ விடுதியோ சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. பேரரசுகளின் கண்ணால் வரலாற்றைப் படித்த பழக்கம் கால்களையும் அந்தந்தத் தலைநகரங்களுக்கே கூட்டிப்போகிறது. மழையில் இடிந்ததை எடுத்துக் கட்டியவனுக்காக நாம் எந்த ஊருக்கும் போவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நார்த்தாமலைக்கு எவரும் வருவதில்லை என்ற பேச்சே பொய். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வந்தால் மாவட்டம் முழுவதும் இங்கே திரும்புகிறது. காவடியும் பால்குடமும் அக்கினிச்சட்டியும் தேருமாக, சாலையில் வண்டி நகர இடமிருக்காது. வந்தவர்களில் மிகப் பலர் மேலமலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏறாமலே ஊர் திரும்புவார்கள். ஒரு சித்திரை வெயிலில் நான் இறங்கி வந்தபோது, அடிவாரத்துப் புளிய மரத்தடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "இந்த வெயில்ல மேல எதுக்குத் தம்பி ஏறுனீக? பங்குனியில வந்திருந்தா ஆத்தாளப் பாத்திருக்கலாம்ல" என்றார். அந்தச் சொல்லில் குறை கூறல் இல்லை. வந்த காரியத்தை விட்டுவிட்டு வேறெதையோ பார்த்துப் போகிறவன் மீதான உண்மையான வருத்தம் இருந்தது. அவர் கணக்கில் ஊரின் நடு இடம் அம்மன் சன்னிதி, மேலே உள்ளது மலை. தொல்லியலின் கணக்கில் மேலே உள்ளது நடு இடம், கீழே உள்ளது ஊர். இரண்டு வரைபடங்களும் ஒரே பாறையின் மேல் விரிந்து கிடக்கின்றன. ஒன்றில் ஆள் இல்லாத இடம் மற்றொன்றில் ஆளுக்கு நெருக்கடியான இடம். யாரும் அறியாத ஊருக்குப் போய்வந்தேன் என்று எழுதுகிறவர் இரண்டாவது வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுத முடியும். நானும் வெளியூர்க்காரன்தான். எந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அந்த இரண்டாவது வரைபடம் மடியாமல் இருக்கிறதா என்பதே இப்போது என் முதல் கவலை.

புதுக்கோட்டைப் பகுதி எப்போதுமே வழியில் இருக்கிற ஊராகத்தான் இலக்கியத்தில் நுழைகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழியைக் கோவலனுக்கு விவரிக்கும் மறையவன், கொடும்பாளூர்ப் பக்கம் வந்ததும் பாதை மூன்றாகப் பிரிவதாகச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கவுந்தி என்ற சமணத் துறவியும் ஒருவர். புகாருக்கும் மதுரைக்கும் பெருமை இருக்கிறது. நடுவில் கிடப்பது கிளை பிரியும் ஒரு புள்ளி, யார் யாரோ எங்கெங்கோ போகக் காலை மாற்றி வைக்கும் இடம். பால்கன் நாடுகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொடும்பாளூர் நினைவுக்கு வருவது இதனால்தான். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியர்கள் போட்ட எக்னாத்தியா நெடுஞ்சாலை, இன்றைய அல்பேனியாவின் துர்ரஸ் துறைமுகத்தில் தொடங்கி, மலைகளைக் கடந்து, ஓஹ்ரித் ஏரிக்கரை வழியாகத் தெசலோனிக்கிக்கும் பைசாந்தியத்துக்கும் போனது. படைகளும் வணிகர்களும் பாதிரிமார்களும் அந்த மலைகளின் ஊடே எத்தனையோ நூற்றாண்டுகள் நடந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அல்பேனியாவும் மாசிடோனியாவும் ரோமுக்கும் பைசாந்தியத்துக்கும் இடையில் கடந்தாக வேண்டிய மேடுபள்ளம். இன்றும் ஐரோப்பா சுற்றப் போகிற நம்மவர்கள் பாரிஸ், ரோம் என்று முடித்துக்கொள்கிறார்கள். சிலர் மட்டும், யாரும் போகாத நாடு என்று கேள்விப்பட்டே அல்பேனியாவுக்குப் போகிறார்கள். நார்த்தாமலையில் எனக்கு வந்த அந்த மகிழ்ச்சி அவர்களுக்கும் வரும். அவர்கள் தனிமையைத் தேடி நடக்கும் மலையிலும் யாரோ ஒருத்தி ஆடு மேய்த்துக்கொண்டிருப்பாள்.

பால்கனைப் பற்றி வெளியார் எழுதியது ஏராளம். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1809இல் அங்கே போய், உஸ்மானிய ஆளுநர் அலி பாஷாவைச் சந்தித்தார். ஈடித் டர்ஹாம் என்ற ஆங்கிலேயப் பெண் வடக்கு அல்பேனிய மலைகளில் அலைந்து 1909இல் ஒரு நூல் வெளியிட்டார். ரெபெக்கா வெஸ்ட் யூகோஸ்லாவியாவைப் பற்றி எழுதிய பெரும் பயணநூல் 1941இல் வந்தது. பல்கேரியாவில் பிறந்த வரலாற்றாசிரியர் மரியா தொதொரோவா 1997இல், இப்படிப் பல தலைமுறை வெளியார் எழுதி எழுதிப் பால்கன் என்ற ஒரு கற்பனையையே உண்டாக்கிவிட்டார்கள் என்று வாதாடினார்: ஐரோப்பாவின் உள்ளேயே இருந்தும் ஐரோப்பாவுக்குக் குறைந்ததாக, எப்போதும் துப்பாக்கியோடு நிற்பதாக ஒரு படம். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 1990களில் யூகோஸ்லாவியா சிதறியபோது மறுபடி பார்த்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே மழை பெய்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், அது யாருக்கும் செய்தியாகவில்லை. அந்த மழையை எழுத உள்ளூரில் ஒருவர் பிறந்து வர வேண்டியிருந்தது. அல்பேனியாவின் ஜிரோகாஸ்தர் என்ற கல் நகரத்தில் பிறந்த இஸ்மாயில் காதரே, 1971இல் வெளியான தன் நாவலில், வீட்டின் அடியில் மழைநீரைச் சேர்த்துவைக்கும் தொட்டியை ஒரு சிறுவனின் கண்ணால் எழுதினார். சுனைக்கும் ஊருணிக்கும் கண்மாய்க்கும் பக்கத்தில் வளர்ந்த நமக்கு அந்தத் தொட்டி அந்நியமாகத் தெரியாது. வெளியிலிருந்து போகிறவரின் கண்ணில் அந்த ஊரின் கற்கள் முதலில் படும். உள்ளிருப்பவருக்கு நினைவில் நிற்பது தண்ணீர். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் புதுக்கோட்டைக்குள் சற்று ஆழமாகப் போக முடியும் என்று தோன்றுகிறது.

சித்தன்னவாசலில் இருப்பதும் தண்ணீர்தான். அறிவர் கோயிலின் முன்மண்டபக் கூரையில், சுண்ணச் சாந்தின் மேல், ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் குடைவரையைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வெளியே கண் கூசும் வெளிச்சத்திலிருந்து உள்ளே போனால் முதலில் எதுவும் தெரிவதில்லை. பொறுத்திருந்தால் பச்சை மெல்ல எழும்பி வருகிறது, பிறகு காவி, பிறகு தாமரைத் தண்டுகளின் கோடுகள், மீன்கள், அன்னங்கள், யானை, எருமை. நடுவில் குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆண்கள். சமணத்தில் தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சமவசரணத்துக்குப் போகும் வழியில் அப்படியொரு குளம் உண்டு, அந்த அவையில் எல்லா உயிர்களும் பகை மறந்து கூடியிருக்கும், இந்த ஓவியம் காட்டுவது அந்தக் குளத்தைத்தான் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். எத்தனையோ நூற்றாண்டுகள் இதை உலகம் அறிந்திருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் எழுதிய பிறகே வெளியார் வரத் தொடங்கினார்கள். இன்று பார்க்கிறவருக்குக் கிடைப்பது எஞ்சிய வண்ணம்தான். மலையின் மறுபக்கம், செங்குத்தான பாறையில் வெட்டிய படிகளைப் பிடித்துக்கொண்டு போனால் ஏழடிப்பட்டம். தலைமாட்டில் திண்டு போல மேடு விட்டு வழவழப்பாகச் செதுக்கிய கல் படுக்கைகள். ஒன்றில் கிறிஸ்துவுக்கு முந்தைய காலத் தமிழ்ப் பிராமி எழுத்துகள். இங்கே வந்து படுத்த துறவிகள் பலர் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்க வந்தவர்கள். அவர்கள் எவர் கண்ணிலும் படாதிருப்பதைத் தாங்களே தேர்ந்துகொண்டவர்கள். அந்த மறைவுக்கு முன் நிற்கும்போது, ஊரே ஒதுக்கப்பட்டதால் வந்த மறைவை இதோடு சேர்த்து எண்ணக் கூடாது என்று தோன்றுகிறது. பயணி இரண்டையும் அமைதி என்ற ஒரே பையில் போட்டு எடுத்துப்போவதுதான் வழக்கம்.

சித்தன்னவாசல் இருப்பது அன்னவாசல் ஒன்றியத்தில். அதே ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே பட்டியல் சமூகத்தாரின் குடியிருப்புக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது; அதற்கு முன்பே பிள்ளைகள் நோயில் விழுந்திருந்தார்கள். விசாரிக்க வந்த மாவட்ட நிர்வாகம் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அம்மக்கள் விடப்படாததையும், தேநீர்க் கடையில் தனிக் குவளை இருந்ததையும் கண்டது. ஆட்சியர் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப்போனார். அந்த நாட்களில் தமிழ்நாடே புதுக்கோட்டையைப் பார்த்தது. அதற்கு முன் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் உட்கார்ந்தபோது பார்த்தது, 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது பார்த்தது. ஓவியக் குளத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணால் ஒரு சிமெண்டுத் தொட்டியைப் பார்க்கச் சொன்னால் பலருக்குச் சங்கடம் வரும். சுற்றுலாவோடு இதை ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள் என்பார்கள். முடிச்சு ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கிறது. எல்லா உயிரும் ஒரே குளத்தில் இறங்கலாம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கூரையில் வரைந்த மண், எந்தத் தண்ணீர் யாருக்கு என்பதை இன்னும் சாதியால் வகுக்கிறது. இரண்டும் ஒரே ஒன்றியத்தின் சங்கதிகள், ஒன்றை நேசிப்பவர் மற்றொன்றைத் தெரியாது என்று சொல்ல முடியாது. கவனிப்பாரற்ற ஊர் என்று ஒன்றைக் கொண்டாடும்போது, அதற்குள்ளேயே யார் யார் கவனிப்பாரற்று வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் கேட்காவிட்டால் அந்தக் கொண்டாட்டத்தில் நேர்மை இல்லை என்றே நினைக்கிறேன்.

இதே மாவட்டத்துக் குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கான சுர அமைப்புகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்திய இசை வரலாறு படிக்கிறவர்கள் தவறாமல் பேசும் கல்வெட்டு அது. 7ஆம் நூற்றாண்டை ஒட்டிய எழுத்து. இதே வகை இசைக் கல்வெட்டு ஒன்று திருமயத்திலும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அங்கே சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடையே எழுந்த வழக்கு தீர்க்கப்பட்டபோது, தீர்ப்பைப் பொறிக்க இடம் வேண்டி அந்த இசையைச் செதுக்கித் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு அவ்வூர்க்காரர்களுக்கு நிலமும் நீரும் விளைச்சலும் யாருக்கு எவ்வளவு என்பது பண்களைவிட அவசரமாக இருந்திருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கல்லில் அழிந்த சுரத்துக்காக வருந்தும் நாம், அதே மாவட்டத்தின் விராலிமலையில் உடம்பில் தங்கியிருந்த கலையை எவ்வளவு காலம் பார்க்காமல் இருந்தோம்? அந்த முருகன் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட 32 பெண்களில் ஒருவரான முத்துக்கண்ணம்மாள், சிறு வயதிலிருந்து அன்றாடம் மலைப்படி ஏறிச் சதிர் ஆடியவர். பத்மஸ்ரீ அவருக்கு 2022இல்தான் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடி 1947 சட்டத்துக்கு வழி அமைத்த முத்துலட்சுமி ரெட்டியும் இதே புதுக்கோட்டையில், 1886இல் பிறந்தவர். அந்த வழக்கத்தின் கொடுமையைத் தன் தாய்வழிக் குடும்பத்தில் அறிந்தவர் ஒருவர், அதற்குள்ளிருந்தே ஒரு கலையைக் கடைசிவரை சுமந்தவர் மற்றொருவர். இவர்களில் ஒருவர் பக்கம் சாய்ந்து மற்றவரை மறப்பது எளிது. இருவரையும் ஒரே மண்ணின் பெண்களாக மனத்தில் ஒருங்கே வைத்திருப்பது கடினம். ஓர் ஊரைத் தெரிந்துகொள்வது என்றால் அந்தக் கடினத்தோடு இருக்கப் பழகுவதுதான் போலும். கல்வெட்டைப் படித்துவிட்டு அடுத்த பேருந்து பிடிக்கிறவருக்கு அதற்கான நேரம் இருக்காது.

பார்க்கப்படுகிறவர்கள் பார்க்கிறவர்களாகவும் இருக்கிறார்கள் என்பதைப் பயணநூல்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் சல்லி உடைப்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கேலியைப் பொருட்படுத்தாமல் பெடல் மிதித்தார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஆண் துணைக்காகக் காத்திராமல் அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். அந்தப் பெண்களுக்கு அடுத்த ஊர் வரை போன அந்த ஐந்து மைல், எந்த வெளிநாட்டுப் பயணத்துக்கும் குறைந்ததாக இருந்திருக்காது. நாம் தேடிப்போகும் அதே சாலைகளில், அதே பாறைகளின் ஓரமாக அவர்கள் கண்டது என்ன? சித்தன்னவாசல் மலை அவர்களில் ஒருத்திக்குத் தூரத்து அடையாளமா, நிழலா, விறகு கிடைக்கும் இடமா, கூலி கிடைக்கும் இடமா? அவர்களில் யாராவது தன் முதல் பயணத்தைத் தானே எழுதியிருந்தால், இந்த மாவட்டத்தைப் பற்றிய வேறெந்த நூலையும்விட முதலில் அதைத்தான் நான் தேடி வாசிப்பேன்.

இன்னும் தொலைவுக்குப் போனவர்களும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகள் கட்டடம் எழுப்புகிறார்கள். பால்கன் பக்கமும் இப்போது வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது. குரோஷியாவின் கட்டடச் சாரங்களிலும் கடற்கரை விடுதிகளிலும் நேபாளிகளையும் இந்தியர்களையும் காணலாம். சுற்றுலாக்காரர் பார்த்துவிட்டுப் போகிற நாட்டை, இவர்கள் குளிர்காலக் காலை ஐந்து மணியின் உறைபனியாகவும், பன்னிரண்டு பேர் படுக்கும் அறையாகவும், சம்பளம் வரும் தேதியாகவும், கடைக்காரரின் முகமாகவும் அறிந்திருக்கிறார்கள். ஓர் அருங்காட்சியகத்துக்குள்ளும் அவர்கள் கால் வைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் அந்த ஊர் ஒரு மனிதனை எப்படி நடத்துகிறது என்பதை அவர்களைவிட யாரும் சரியாகச் சொல்ல முடியாது. பயண இலக்கியம் என்று நாம் கொண்டாடுவதில் இந்த அறிவுக்கு இடம் இல்லாமல் போனது ஏன் என்று கேட்க வேண்டும். ஓய்வும் காசும் உள்ளவர் பார்த்ததே பார்வை, பிழைக்கப் போனவர் பார்த்தது வெறும் அலைச்சல் என்று யார் தீர்மானித்தது? நம் சிற்றிதழ்கள் அடுத்த பயணக் கட்டுரையை அந்த அலைச்சல்காரர்களிடம் கேட்டு வாங்கட்டும். எழுத வராது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளலாம்; அறிவொளி இயக்கம் இரவுப் பள்ளிகளில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்காரவைத்துச் செய்ததும் அப்படியொரு வேலைதான். அப்படி நாலு பேர் எழுதிவிட்டால், ஓர் ஊரை யாருக்கும் தெரியாதது என்று சொல்வதற்கு முன் எவரும் ஒரு கணம் யோசிக்க வேண்டிவரும்.